மஞ்சள் பி.எச். பேனாவும் டி.டி.எஸ். பேனாவும்: கல்லூரி புராஜெக்டுக்கு வாங்கலாமா?

சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் ஒரே கைடிடம் (புராஜெக்டை வழிநடத்தும் பேராசிரியர்) ஐந்தாறு மாணவர்கள் நீர்த்தர புராஜெக்ட் எடுத்துவிட்டால், ஆய்வகத்தில் இருக்கும் ஒரு நல்ல மீட்டருக்கு அடிதடிதான். அதனால்தான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் பி.எச். பேனாவும் (நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பேனா வடிவக் கருவி), அதோடு ஜோடியாக விற்கும் டி.டி.எஸ். பேனாவும் (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது) சென்னைக் கல்லூரிகளில் இவ்வளவு புழங்குகின்றன. தாராளமாக வாங்கலாம். எந்தத் தண்ணீருக்கு என்பதை மட்டும் பேராசிரியர் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

பி.எச். பேனாவின் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ்தான் எல்லாம். பெட்டியில் வரும்போது அது பெரும்பாலும் காய்ந்திருக்கும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சில மணி நேரம் ஊறவைக்காமல் தொடவே கூடாது. கூட வரும் பஃபர் பொட்டலங்களை (பேனாவைச் சரிபார்க்க உதவும், பி.எச். மதிப்பு தெரிந்த கரைசலுக்கான பொடி: 4.01, 6.86, 9.18) தலா 250 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைக்க வேண்டும். கேன் தண்ணீர் ஆகாது. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் பரவாயில்லை, ஆனால் டி.டி.எஸ். பேனாவை முக்கிப் பார்த்து, ரீடிங் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் மட்டும்.

முதலில் 6.86-இல் வைத்துத் திருகாணியைச் சரிசெய்யுங்கள். பிறகு கழுவி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்து (தேய்க்காமல்) அடுத்த பஃபரில் சரிபாருங்கள். நம் ஏரி, கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேல் இருப்பதால் 4.01-ஐ விட 9.18-தான் உதவும். இங்கே ஒரு சிக்கல்: 9.18 என்பது 25 டிகிரியில். சென்னை வெயிலில் கரைசல் 30 டிகிரிக்குப் போனால் அதன் உண்மை மதிப்பு 9.14, 35-இல் 9.10. இது தெரியாமல் நல்ல பேனாவைக் கெட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. மேலும் இந்த பஃபர் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல இறங்கும். திறந்து வைத்த பாட்டிலை நம்ப வேண்டாம். இரண்டாவது பஃபரில் 0.2-க்கு மேல் விலகினால் குமிழுக்கு வயதாகிவிட்டது. ஒற்றைத் திருகாணிப் பேனாவில் அதைச் சரிசெய்ய வழியில்லை, புதிது வாங்க வேண்டியதுதான்.

மாணவர்கள் பேனாவைக் கெடுப்பது பெரும்பாலும் அதை வைக்கும் விதத்தில். சுத்தமாக இருக்கட்டும் என்று காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைப்பார்கள். உள்ளிருக்கும் உப்பு வெளியேறி ரீடிங் அலையத் தொடங்கும். மூடியில் சில சொட்டு பொட்டாசியம் குளோரைடு கரைசல் போதும். மழைநீர், ஆர்.ஓ. நீர் இரண்டிலும் அயனிகள் குறைவு என்பதால் இந்தப் பேனா நிலைக்காமல் தள்ளாடும். மழைநீர் சேகரிப்பு புராஜெக்டுக்கு இது வேண்டவே வேண்டாம். பாசி படர்ந்த ஏரியில் காலையில் எடுத்த பி.எச்., பிற்பகலில் ஒளிச்சேர்க்கையால் கணிசமாக ஏறிவிடும். நேரம் குறிக்காத ரீடிங்கை கைடு ஏற்கவே கூடாது.

டி.டி.எஸ். பேனா உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனை. அதை 0.5 அல்லது 0.7-ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. எந்தக் காரணி என்று பெட்டியில் பல நேரம் இருக்காது. 1000 மைக்ரோசீமன்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) காட்டும் போர் தண்ணீர் ஒரு பேனாவில் 500, இன்னொன்றில் 700 காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500:2012 சொல்லும் ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மி.கி., வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2000. அதாவது பேனாவை மாற்றினால் தீர்ப்பே மாறிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: 0.746 கிராம் பொட்டாசியம் குளோரைடை ஒரு லிட்டருக்குக் கரைத்தால் 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமன்ஸ். பேனா 700-ஐ ஒட்டிக் காட்டினால் காரணி 0.5, ஆயிரத்தை ஒட்டினால் 0.7. வைவாவில் கேட்பதற்கு முன் இதை அறிக்கையில் எழுதிவிடுவது நல்லது.

அடையாறு முகத்துவாரம், எண்ணூர் கழிமுகம், முட்டுக்காடு பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். கடல்நீரில் உப்பு லிட்டருக்கு சுமார் 35 கிராம். பேனாவின் உச்சம் 9990 மி.கி. அங்கே ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) எடுத்துப் போங்கள், கடல் ஏற்றமா வற்றமா என்பதையும் குறியுங்கள்.

கரைந்த ஆக்சிஜனுக்கு இந்த விலையில் பேனா தேடுவது வீண். மிச்சப்படும் பணத்தில் விங்க்ளர் முறைக்குத் (ரசாயனங்களால் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் முறை) தேவையானதை வாங்குங்கள். 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டிலில் (காற்றுப் புகாத கண்ணாடி மூடி கொண்டது) மாதிரி நீரைக் குமிழி இல்லாமல் நிரப்பி, கரையிலேயே 2 மி.லி. மாங்கனீஸ் சல்பேட், 2 மி.லி. அல்கலி அயோடைடு அசைடு சேர்த்துக் குலுக்க வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை. கூவத்தின் சாக்கடை கலக்கும் இடங்களில் வெள்ளையைப் பார்த்து ரசாயனம் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஆய்வகத்தில் 2 மி.லி. அடர் கந்தக அமிலம் சேர்த்து, 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம்பார்த்தால், செலவான மி.லி. எண்ணிக்கையே லிட்டருக்கு மி.கி. ஆக்சிஜன்.

பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இருந்தாலும் அமிலத்தையும் அசைடையும் துறை வழியாகவே வாங்க வையுங்கள், மாணவர் கையில் கொடுத்து பஸ்ஸில் அனுப்பாதீர்கள். அசைடு மிச்சத்தை ஆய்வகக் கழுவுதொட்டியில் ஊற்றவும் கூடாது, செம்பு, ஈயக் குழாய்களில் அது வெடிக்கும் உப்பாகப் படியும்.