ஒரேஞ்ச் வயரும் ஒற்றை வைப்பரும்: சிஆர்-இசட்டை விட்டு விட்ஸுக்கு வந்த கணக்கு

விட்ஸ் எடுத்த மூன்றாம் நாள், மட்டக்களப்பு அரசடிச் சந்தியில் என் இடது கால் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஐந்து வருடம் கிளச் மிதித்துப் பழகிய கால். முன்னால் போன பஸ் நின்றதும் தானாக எழும்பி, இல்லாத கிளச்சைத் தேடி, ஓட்டோ கியர் காரின் அகலமான பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துவிட்டது. கார் குத்திட்டு நின்றது. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் ஹோர்ன்கூட அடிக்கவில்லை. பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி எட்டிப் பார்த்து, "பழகிற காரா அண்ணன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனைவி வீடு போய்ச் சேரும்வரை சிரித்தாள்.

என்னிடம் இருந்தது ஹொண்டா சிஆர்-இசட், 2011, ஆறு கியர் மனுவல், பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். அது தகராறு பண்ணத் தொடங்கியபோது முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஹைபிரிட் பற்றரியை மாற்றிக்கொண்டு அதையே வைத்திருப்பது ஒன்று. சுசுகி வேகன் ஆருக்குப் போவது இன்னொன்று. மூன்றாவது, டொயோட்டா விட்ஸ். நான் எடுத்தது 2012 விட்ஸ், ஒரு லீற்றர் எஞ்சின், வெறும் பெற்றோல். ஆகவே இது விட்ஸ் பக்கம் சாய்ந்த எழுத்து. அதை மறைத்துப் பயனில்லை.

சிஆர்-இசட் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 2010இல் ஜப்பானில் வெளிவந்து அந்த முறை ஆண்டின் சிறந்த கார் விருதையும் வாங்கிய வண்டி. ஹைபிரிட்டுக்கு ஆறு கியர் மனுவல் வைத்த முதல் கார் அது. ஹைபிரிட் வாகனங்களுக்கு வரிச் சலுகை இருந்த காலத்தில் இலங்கைக்கு நிறைய வந்து இறங்கின. ஒன்றரை லீற்றர் எஞ்சினுக்குத் துணையாக ஒரு சின்ன மின் மோட்டார். ஸ்போர்ட் பொத்தானை அமுக்கினால் மீற்றரைச் சுற்றியுள்ள வளையம் சிவப்பாகும், ஸ்டியரிங் இறுகும், அக்சிலரேற்றர் துள்ளும். கண்டிக்குப் போகும்போது மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் அதை ஓட்டியவனுக்குத்தான் தெரியும், இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையில் என்ன சந்தோஷம் இருக்கிறது என்று.

ஆனால் பதினெட்டு வளைவுக்கு நான் வருடத்தில் இரண்டு தரம் போனால் அதிகம். மிச்ச நாளெல்லாம் கல்லடி, புளியந்தீவு, காத்தான்குடி, மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலை. ஊருக்குள் 50, வெளியே 70 என்பது சட்டம். அதிவேகப் பாதை எதுவும் கிழக்குப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சிவப்பு வளையத்தைப் போட்டுக்கொண்டு மாட்டுக்கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிற ஆள்தான் நான்.

இடவசதி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சிஆர்-இசட்டுக்கு இரண்டு கதவு. பின் சீற் என்று ஒன்று இருக்கிறது, அதில் பள்ளிக்கூடப் பையை வைக்கலாம். பின்கண்ணாடியின் நடுவே குறுக்காக ஒரு சட்டம் ஓடும், பின்னால் வரும் பல்சர் சரியாக அதற்குள் ஒளிந்துகொள்ளும். விட்ஸுக்கு நான்கு கதவு, ஐந்து பேர். அவ்வளவுதான் ஒப்பீடு. அம்மா முதல் தடவை சிஆர்-இசட்டில் ஏறும்போது கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இதென்ன மனே, காரா கிடங்கா? இறங்கித்தான் ஏற வேண்டிக் கிடக்கு" என்றார். முழங்கால் வருத்தக்காரி. அதற்குப் பிறகு கோயிலுக்கு ஓட்டோவில்தான் போனார். நான் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

தரைக்கும் வண்டிக்கும் இடையிலான உயரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். விட்ஸ் ஒன்றும் ஜீப் இல்லை, வித்தியாசம் நினைப்பதைவிடச் சின்னது. சிஆர்-இசட்டின் முன் பம்பர் நீளமாக, தாழ்வாக வந்து முடிவதுதான் வில்லங்கம். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிறவல் வீதியில் மாரியில் விழுந்த கிடங்குகளுக்குள் மூக்குத்தான் முதலில் இறங்கும். விட்ஸின் மூக்கு குட்டை, தப்பிவிடுகிறது. வாவி ஏறி ரோட்டில் வெள்ளம் நிற்கிற நாளில் இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போவதுதான் புத்தி.

சரி, உண்மையில் என்னை மாற வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு வயர்.

கொழும்பிலிருந்து இரவு வந்துகொண்டிருந்தோம். வெலிகந்தை தாண்டி, புணானைப் பக்கம், யானை நிற்குமோ என்று இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வருகிறோம். மீற்றரில் ஹைபிரிட் பற்றரி நிரம்பி இருந்ததாகக் காட்டிய கோடுகள் ஒரு நொடியில் கடகடவென்று ஒன்றுக்கு இறங்கின. கூடவே, ஹைபிரிட் அமைப்பில் கோளாறு என்று சொல்லும் 'ஐஎம்ஏ' மஞ்சள் வெளிச்சம். வண்டி நிற்கவில்லை, ஆனால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இழுவை செத்துவிட்டது. எஞ்சின் தன் வேலையையும் பார்த்து, அந்தப் பற்றரிக்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மூச்சுவாங்கியது. அந்த இருட்டில் பொனற்றைத் திறந்து பார்க்கிற தைரியம் யாருக்கு? அப்படியே உருட்டிக்கொண்டு வீடு வந்தோம்.

மறுநாள் திருமலை வீதிப் பக்கம் நான் வழமையாகப் போகிற கராஜ். அந்த அண்ணன் எந்த எஞ்சினையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். பின்பக்கத் தளத்தைத் தூக்கி, பற்றரிப் பெட்டியிலிருந்து போகும் தடித்த ஒரேஞ்ச் நிற வயரைக் காட்டினார். "தம்பி, கறுப்பு வயர், சிவப்பு வயர் எல்லாம் நான் பார்ப்பன். இந்த ஒரேஞ்சுக்கு மட்டும் கை வைக்கமாட்டன். எனக்கும் புள்ளைகள் இருக்கு." ஹைபிரிட் கார்களில் உயர் மின்னழுத்த வயருக்குத்தான் அந்த நிறம். சிஆர்-இசட்டில் அது 100 வோல்ட். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அதற்கென்று கையுறையும் கருவியும் படிப்பும் வேண்டும்.

ஆக, கொழும்பு. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரண்டு நாள் லீவு, தங்குகிற செலவு, போக வரப் பெற்றோல். அங்கே ஓர் இடத்தில் பற்றரியைப் பிரித்துச் சீர்செய்து தந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் 1.2 வோல்ட் செல்கள் 84, ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தபடி இருக்கின்றன. ஒன்று பலவீனமானாலும் முழுச் சங்கிலியும் தள்ளாடும். சீர்செய்வது என்றால் பழுதானவற்றை எடுத்துவிட்டு வேறு செல் போடுவது. மிச்சம் எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடம் மட்டக்களப்பு வெயிலில் வெந்த பழைய செல்கள்தானே? இன்றைக்கு இது, நாளைக்கு அது. எட்டு மாதத்தில் மஞ்சள் வெளிச்சம் திரும்ப வந்தது. பழைய வேட்டியில் கிழிந்த இடத்தை மட்டும் தைத்தால், அடுத்த கிழிசல் தையலுக்குப் பக்கத்திலேயே வருமே, அந்தக் கதை.

முழுப் புதுப் பற்றரி போட்டால் இந்தத் தொல்லை போகும், நேர்மையாகச் சொல்ல வேண்டும். கொழும்பிலேயே இருப்பவராக இருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன். காலையில் விட்டுவிட்டுப் பின்னேரம் எடுத்து வரலாம். இங்கிருந்துகொண்டு, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடுவது வேறு விஷயம். பற்றரி போனால் அதைக் குளிர்விக்கும் விசிறி, விசிறி போனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, எல்லாம் அந்த ஒரேஞ்ச் வயரின் சொந்தக்காரர்கள். ஊரில் ஒருவர் தொடமாட்டார்.

இப்போது விட்ஸ். எடுத்து நாலாம் மாதம் காலையில் பார்த்தால், எஞ்சின் பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக உப்புப் பூத்தது போல ஒரு கோடு. கூலன்ற் கசிந்து காய்ந்த தடம். தண்ணீர் பம்ப். இந்த மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இது வழமையான வருத்தம் என்று அதே கராஜ் அண்ணன் குனியாமலே சொன்னார். கொழும்புக்கு ஒரு கோல் எடுத்தார். உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கிய பம்ப் இரவு பஸ்ஸில் பார்சலாக ஏறியது. விடிய ஐந்தரைக்கு பஸ் நிலையத்தில் நித்திரை முகத்தோடு நின்ற கொண்டக்டரிடம் நானே கையில் வாங்கினேன், பெட்டி இன்னும் ஏசிக் குளிரோடு இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. அன்றைக்கு நான் அரை நாள் லீவுதான் போட்டேன்.

இந்த அரை நாளுக்கும் அந்த இரண்டு நாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் முழுத் தீர்ப்பும். விட்ஸின் எஞ்சின் ஊர் முழுக்க ஓடுகிறது, அதைத் தெரியாத கராஜ் இல்லை. டயர் 165/70, 14 அங்குலம், எந்தக் கடையிலும் தொங்கும். சிஆர்-இசட்டின் 16 அங்குல டயருக்கு விரும்பிய பிராண்ட் கிடைக்க நான் காத்திருந்திருக்கிறேன். கல்லடி உப்புக்காற்று இரண்டுக்கும் ஒன்றுதான், அடிப்பக்கம் கழுவி துருப் பிடிக்காமல் அண்டர்கோட் அடிக்காவிட்டால் எந்தக் காரையும் தின்றுவிடும்.

வேகன் ஆர் பக்கம் நியாயமாக இருக்க வேண்டும். கல்முனையில் மச்சானிடம் ஒன்று இருக்கிறது, மூன்று நாள் வாங்கி ஓட்டினேன், அவ்வளவுதான் அனுபவம். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. கதிரையில் உட்காருவது போல ஏறி இருந்தார். 660 சிசி, ஒடுக்கமான உடம்பு, புளியந்தீவுக் கடைத்தெருவில் எந்தச் சந்துக்குள்ளும் கிறுகிவிடும். அதன் சின்ன ஹைபிரிட் 12 வோல்ட்தான், ஒரேஞ்ச் வயர் பயம் அங்கே கிடையாது. பெற்றோலும் விட்ஸைவிடக் குறைவாகக் குடிக்கிறது என்று மச்சான் சத்தியம் பண்ணுகிறார். எனக்கு உதைத்தது இரண்டு. சந்தியில் எஞ்சின் தானாக நின்று எழும்புகிற அமைப்புக்கென்று போடும் பற்றரி, சாதாரணப் பற்றரியைவிட விலை. மற்றது காற்று. கச்சான் காற்று வீசுகிற மாதத்தில், இரண்டு பக்கமும் வெட்டவெளி வயலாக இருக்கிற ரோட்டில், உயரமும் ஒடுக்கமுமான அந்தக் கார் பக்கவாட்டில் அலைந்தது. சிஆர்-இசட்டின் தரையோடு ஒட்டிய ஓட்டத்துக்குப் பழகியவன் நான், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பயந்திருக்கலாம். நகருக்குள் மட்டும் ஓடுகிறவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம், வேகன் ஆரை எடுங்கள்.

விலை கேட்டால் கோபம் வரும். ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டு, அதற்கு மேல் காசு போட்டுத்தான் ஒரு லீற்றர் விட்ஸ் வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் விட்ஸ் வைத்திருந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள். புது வண்டிகள் வருகிற இனிமேல் அந்த மவுசு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் விட்ஸ் விற்க நினைத்தால் விளம்பரம் போடத் தேவையில்லை, கராஜில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிஆர்-இசட்டுக்கு நான் இரண்டரை மாதம் ஆள் தேடினேன்.

விட்ஸில் குறை இல்லையா? இருக்கிறது. ஏசி போட்டு நிற்கும்போது மூன்று சிலிண்டரின் நடுக்கம் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருகிறது. அம்மா, மனைவி, மகள், ஒரு மூட்டை அரிசி என்று ஏற்றிக்கொண்டு லொறியை முந்த நினைத்தால், முன்கூட்டியே யோசித்து, எதிர்ப்பக்கம் ஒரு கிலோமீற்றர் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறமும் யோசிக்க வேண்டும். 69 குதிரைகளும் ஒவ்வொன்றாகத்தான் எழும்புகின்றன. முன்கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். மார்கழி மழையில் அந்த ஒற்றைக் கை அங்கும் இங்கும் ஓடித் திரிவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. சிவிடி என்ற ஓட்டோ கியர் பெட்டி இதுவரை ஒழுங்காக இருக்கிறது. அது பழுதானால் எவ்வளவு தின்னும் என்ற பாடம் எனக்கு இன்னும் நடக்கவில்லை. ஒன்றரை வருடம்தான் ஓட்டியிருக்கிறேன், எண்ணெயை மட்டும் நேரத்துக்கு மாற்றுகிறேன்.

அம்மா இப்போது வெள்ளிக்கிழமைகளில் முன் சீற்றில் ஏறிக்கொள்கிறார். ஓட்டோக்காரப் பொடியனுக்குத்தான் நட்டம்.

சிஆர்-இசட்டை வாங்கியவர் மருதமுனைத் தம்பி ஒருவர், கல்யாணம் ஆகாதவர். பற்றரிக் கதை முழுவதையும் சொல்லி, அதற்கேற்ற விலைக்குத்தான் கொடுத்தேன். அவர் பாதிக் கதையிலேயே ஸ்போர்ட் பொத்தானை அமுக்கிச் சிவப்பு வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார்.

"அண்ணன், அந்தக் கொழும்புப் பற்றரிக்காரர்ட நம்பர் இன்னும் இருக்கா?"

அனுப்பினேன்.