ஃபீட் சேவைக்கு வருஷக் காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ

84,000 ரூபா போச்சு. நேற்றுப் பின்னேரம் கடைசி மெயில் வந்தது: காசு திருப்பித் தரமாட்டினமாம். சூடு ஆற முதல் எழுதுறன். என்னென்ன பார்த்து எடுக்கவேணும் எண்டதையும் கடைசியில சொல்லுறன்.

பெயர் வேண்டாம். ஆர்எஸ்எஸ், அட்டம் ஃபீடுகளை (ஒரு தளத்தின்ர புதுப் பதிவுகளை வாசகரின்ர செயலிக்குக் குடுக்கிற பட்டியல்) ஒரே இடத்தில வைச்சு நடத்தி, எத்தனை பேர் வாசிக்கினம் எண்டு கணக்குக் காட்டுற டெவலப்பர் சேவை. பம்பலப்பிட்டியில ஒரு முகவர் விக்கிறார். தமிழ், சிங்களம், இங்கிலிஷ் எண்டு மூன்று ஃபீட், ஒரு வருஷம், முழுக்காசும் முன்னுக்கே.

விழுந்த இடம் இதுதான். முகவர் லப்டொப்பைத் திறந்து ஃபீடை ஒருக்கா இழுத்தார், ஈடேக் (அந்தப் பதிப்புக்கான அடையாளக் குறி) வந்தது. அதே ஈடேக்கோட திரும்ப இழுத்தார், ‘மாறேல்லை’ எண்டு சொல்லுற 304 மட்டும் வந்தது, உள்ளடக்கம் ஒரு பைட்டும் இல்லை. இதை ஒழுங்காச் செய்யிறவன் மற்றதையும் செய்வான் எண்டுதானே எவரும் நினைப்பினம்? “ஃபீட் முகவரியை எங்கட டொமைனுக்கு மாத்துங்கோ அண்ணா, ஒரு பிரச்சினையும் வராது.” சீநேம் (எங்கட பெயரை அவங்கட சேர்வருக்குக் காட்டுற டொமைன் பதிவு) போட்டு சொந்த சப்டொமைனில வைக்கலாமோ எண்டு கேட்டதுக்கு, அது பெரிய பிளானிலதானாம். அப்பவே எழும்பி வந்திருக்கவேணும்.

மூண்டாம் நாள் தமிழ் ஃபீட் செத்தது. இவங்கட சேர்வர் தலைப்பை 100 பைட்டில வெட்டுது. யுடிஎஃப்-8 எண்ட எழுத்துக் குறியாக்கத்தில தமிழுக்கு ‘க’ 3 பைட், பக்கத்தில வாற கொம்போ விசிறியோ இன்னொரு 3. 33 குறியீடு 99 பைட். நூறாவது பைட் அடுத்த எழுத்தின்ர முதல் துண்டு. அந்த அரைகுறை எழுத்தைக் கண்ட எக்ஸ்எம்எல் பார்சர் (ஃபீடை வாசிச்சுப் பிரிக்கிற மென்பொருள்) முழு ஃபீடையுமே தள்ளிவிடும். இடைவெளி 1 பைட் எண்டபடியால் சில தலைப்பு தப்பும், சிலது தப்பாது. அதால பிழை வந்து வந்து போகும். சிங்களத்துக்கும் இதே கதி. இங்கிலிஷுக்கு ஒண்டும் இல்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் மாறாமல் இருக்கவேண்டிய அடையாளமான ஜியூஐடியிலயும் கை வைச்சிருக்கிறாங்கள். ஒவ்வொருக்காச் சேமிக்கேக்கையும் அதில இவங்கள் சேர்த்த ட்ரக்கிங் எண் மாறுது, பழைய 20 பதிவும் புதுசு மாதிரி வாசகரிட்டப் போகுது.

டாஷ்போர்ட் 2,016 வாசகர் எண்டு காட்டிச்சு. மூல லொக்கை (ஆர் எப்ப ஃபீடை இழுத்தினம் எண்ட சேர்வர் பதிவு) இறக்கி எண்ணினால் 42 கிளையண்ட் (ஃபீடை இழுக்கிற செயலி), ஒவ்வொண்டும் 30 நிமிஷத்துக்கு ஒருக்கா, நாளுக்கு 48 தரம். 42 பெருக்கல் 48. கதவைத் தட்டினதையெல்லாம் ஆளா எண்ணியிருக்கினம்!

கேட்டால்: “டிக்கெட் போட்டிருக்கு அண்ணா.” அடுத்த கிழமை: “வெளிநாட்டு டீம் பாக்குது.” பிறகு: “நாளைக்குப் போயா லீவு, திங்கள் எடுக்கிறன்.” திங்கள் போன் ஓஃப். கடைசியா மெயிலில, “தலைப்புகளைச் சுருக்குங்கோ.” 84,000 ரூபா வாங்கேக்க தமிழ் நீளமாத் தெரியேல்லையோ?

விலகவும் விடுறாங்களில்லை. பழைய முகவரியில 301 (நிரந்தரமா இடம் மாறிட்டுது எண்ட அறிவிப்பு) போட்டு வாசகரைத் திருப்பி விடச் சொன்னால், கணக்கை மூடினால் ‘பக்கம் இல்லை’ எண்ட 404தானாம்.

சரி, சொல்லுறன் எண்டது. சீநேம் இல்லாத பிளானைத் தொடாதேங்கோ. நீளமான தமிழ்த் தலைப்பில ஒரு பதிவு போட்டு, வெளியில வாற ஃபீடைப் பிழை பார்க்கிற வலிடேற்றரில விடுங்கோ. ஒருக்காத் திருத்திச் சேமிச்சு ஜியூஐடி மாறுதோ பாருங்கோ. 301 தருவம் எண்டு எழுத்தில வாங்குங்கோ. மாதக் காசு மட்டும் கட்டுங்கோ. மிச்சம் பிறகு, இப்ப வங்கிக்குப் போகவேணும்.