குருத்துப்பூச்சிக்கு ட்ரைக்கோகிரம்மா அட்டை: எந்த வயலுக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

நெல் வயலில் குருத்துப்பூச்சிக்கு, அதாவது மஞ்சள் தண்டுத் துளைப்பானுக்கு, ட்ரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய காகித அட்டை நல்ல பொருள். ஆனால் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும் நிலைக்குப் போன வயலுக்கு இதை வாங்காதீர்கள். இந்தக் குளவி குருத்துப்பூச்சியின் முட்டையை மட்டும்தான் அழிக்கும். தண்டுக்குள் போய்விட்ட புழுவை ஒன்றும் செய்யாது. ‘அட்டை கட்டியும் பலனில்லை’ என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அட்டையில் ஒட்டியிருப்பவை கார்சைரா என்ற அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். புற ஊதா ஒளியில் கருவை அழித்த பிறகு, ட்ரைக்கோகிரம்மா குளவியை அவற்றில் முட்டையிட விடுகிறார்கள். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) என்றால் ஏறத்தாழ 18,000 முதல் 20,000 முட்டை. மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுத்துவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்தக் கறுப்பைத்தான். வெளிர் நிறம் நிறையத் தெரிந்தால் ஒட்டுண்ணி ஏறவில்லை. கறுப்பு முட்டையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் குளவி ஏற்கெனவே போய்விட்டது. நூலாம்படையும் சிறு புழுவும் தெரிந்தால் ஒளி காட்டியது போதவில்லை, அந்துப்புழு பொரித்து மற்ற முட்டைகளைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு கைலென்ஸ் இருந்தால் கடையிலேயே இவ்வளவையும் பார்த்துவிடலாம்.

இனத்தின் பெயரையும் படியுங்கள். குருத்துப்பூச்சிக்கு ‘ஜப்பானிக்கம்’. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் கரும்பு இடைக்கணுப் புழுவுக்கும் ‘கைலோனிஸ்’. பார்வைக்கு இரண்டு அட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, நடவு செய்த 30, 37ஆம் நாட்களில் ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 5 சி.சி. ஜப்பானிக்கம் விட வேண்டும். ஏக்கருக்கு 2 சி.சி. குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, தூரம் பறக்காது. அதனால் முழு அட்டையை வரப்போரம் கட்டுவது வீண். 2 சி.சி.யை 40 துண்டாக நறுக்கி, பத்து மீட்டருக்கு ஒன்று வீதம் வயல் முழுக்க வையுங்கள். முட்டை ஒட்டிய பகுதியில் ஸ்டேப்லர் பின் படாமல், இலையின் அடிப்பக்கமாகக் குத்த வேண்டும். வெயிலும் மழையும் நேராகப் படாது. இலைச்சுருட்டுப் புழுவும் இருந்தால் 37, 44, 51ஆம் நாட்களில் அதே அளவு கைலோனிஸ்.

எறும்புதான் பெரிய தொல்லை. துண்டுகளை ஒரு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்து, முதல் சில குளவிகள் வெளிவந்ததும் வயலுக்குக் கொண்டுபோனால் எறும்புக்கு நேரம் கிடைக்காது. அதிகாலை அல்லது மாலை விடுங்கள். விடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பத்து நாளாவது பூச்சிக்கொல்லி கூடாது. இந்த இடைவெளியை விட முடியாதவர்கள் அட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

முழுப் பாதுகாப்பு என்று எதிர்பார்க்கவும் கூடாது. குருத்துப்பூச்சி முட்டைக் குவியலை மயிரால் மூடிவிடும். மேலடுக்கில் உள்ள முட்டைகளைக் குளவி எட்டிவிடுகிறது, அடியில் இருப்பவை தப்பிவிடுகின்றன. இட்டு மூன்று நாள் கடந்த முட்டையையும் அது அவ்வளவாக ஏற்பதில்லை. அதனால்தான் வாரம் தள்ளி இரண்டாவது தவணை. நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் நாற்றங்காலில் இட்ட குவியல்கள் அங்கேயே கழிந்துவிடும். அட்டையோடு இதையும் சேர்த்துச் செய்வதுதான் சரி. சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது 10 சதவீதம் நடுக்குருத்து காய்தல் என்ற பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால், அட்டையை நம்பிக் காத்திருக்காமல் பரிந்துரைத்த மருந்துக்குப் போங்கள்.

பருவத்தில் கேட்டவுடன் கிடைக்கும் சரக்கல்ல இது. நடவு முடிந்த கையோடு அட்டை தயாரிக்கும் ஆய்வகத்தில் இரண்டு தேதியையும் சொல்லிப் பதிந்து, இரண்டு தவணையாக வாங்குங்கள். மொத்தமாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள் ஆக ஆகக் குளவி வெளிவருவது குறையும். ஃப்ரீசரில் வைத்தாலோ ஒன்றுகூட மிஞ்சாது.