இலவசக் கூட்டத்தின் முகவரிக்கு 14,800 ரூபாய்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குடியை நிறுத்தியவருக்கு ஆதரவுக் குழுக் கூட்டம் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? "உங்களுக்குப் பொருத்தமான குழுவை நாங்களே பார்த்துச் சேர்த்துவிடுகிறோம்" என்று காசு கேட்கும் இணையச் சேவை பக்கமே போகாதீர்கள். எங்களிடம் 14,800 ரூபாய் கறந்துவிட்டார்கள்.

தம்பி சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தான். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், கூட்டத்துக்கு விடாமல் போகட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எந்தக் கூட்டம், எங்கே என்று யாரும் எழுதித் தரவில்லை. டாஸ்மாக் எங்கே என்றால் திருச்சியில் சின்னப் பையன்கூட வழி சொல்வான். இதற்குப் போனில்தான் தேட வேண்டியிருந்தது. முதலில் வந்து நின்றது இவர்கள். நம்பரைப் பதிந்த கையோடு அழைப்பு வந்துவிட்டது.

பேசிய பெண் எடுத்ததும் அக்கா என்றாள். "சாப்பிடுறாரா அக்கா? தூக்கம் வருதா? கை நடுக்கம் நின்னுடுச்சா?" எங்கள் சொந்தபந்தத்தில் ஒருவரும் அவனைப் பற்றி இப்படிக் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாம் "இன்னும் குடிக்கிறானா" என்றுதான் கேட்டார்கள். "எங்க அப்பாவும் குடிச்சவர்தான், எனக்குத் தெரியும்க்கா" என்றாள். அந்த ஒரு வரியில் அம்மா அழுதுவிட்டார். தமிழில் கூட்டம், வேலை முடிந்து போகிற மாதிரி சாயங்காலம், குடும்பத்தோடு உட்காரலாம், ஆயுள் முழுக்க உறுப்பினர். இன்று இரவுக்குள் கட்டினால் 14,800, நாளைக்கு 22,000. சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினோம். ஆதார், போட்டோ, எத்தனை வருடக் குடி, எங்கே வேலை என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள்.

வந்தது ஒரு வாட்ஸ்அப் குழு. காலை வணக்கப் படங்கள், நடுவில் இந்தியில் ஒரு வீடியோ கூட்டம். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். நான் சண்டை போட்ட பிறகு ஒரு சர்ச் ஹாலின் முகவரி அனுப்பினார்கள்.

போனோம். வாசலில் நின்ற பெரியவரிடம் ரசீதைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க யார்கிட்டயும் கட்டணம் வாங்குறது இல்லையேம்மா" என்றார். அது ஏ.ஏ. கூட்டம், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்! 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடியர்கள், ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், உறுப்பினர்தான். முழுப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் பத்து இருபது போடுவார்கள். வெளி ஆள் நன்கொடை கொடுத்தாலும் வாங்க மாட்டார்களாம். அப்படிப்பட்டவர்களின் முகவரியை 14,800 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

அதுவும் அன்றைக்கு மூடிய கூட்டம், குடிப்பழக்கம் உள்ளவர்கள் மட்டும்தான் உட்காரலாம். நான் வெளியே நின்றேன். வீட்டு ஆட்கள் வருவதற்குத் திறந்த கூட்டம் இருக்கிறது, குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனியாக இருக்கிறது என்று அந்தப் பெரியவர்தான் விளக்கினார். "குடும்பத்தோடு உட்காரலாம்" என்று விற்றவர்களுக்கு இந்த வித்தியாசம்கூடத் தெரியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அடுத்தவர், புகாருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம் என்றார். இன்னொருவர், முகவரி கொடுத்ததோடு சேவை முடிந்தது, பாலிசியைப் படியுங்கள் என்றார். கடைசியில் ஒரு 'மேலாளர்' பேசினார்: "உங்க தம்பிக்கு மோட்டிவேஷன் இல்ல மேடம், 6,000 ரூபாய்க்குப் பொடி அனுப்புறோம், அவருக்குத் தெரியாம குழம்புல கலந்துடுங்க." என்ன பொடி என்றால் பதில் இல்லை. தம்பியின் டாக்டரிடம் சொன்னேன், அவர் கத்தியே விட்டார். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாதிரி மருந்து உள்ளே இருக்கும்போது ஒருவர் அது தெரியாமல் மது குடித்துவைத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டுமாம்.

இப்போது முன்பின் தெரியாத மறுவாழ்வு மையங்களிலிருந்து போன் வருகிறது. தம்பி பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். "வண்டி அனுப்புறோம், தூக்கிட்டு வந்துடுவோம்" என்கிறார்கள். நம்பர் எங்கிருந்து போயிருக்கும்? ஒருமுறை போனை எடுத்ததே அவன்தான். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. 14,800 போனதைவிட இதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாகச் சில விஷயம். ஏ.ஏ., அல்-அனான் இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, கேட்டால் ஏமாற்று. போகும் முன் திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, எந்த மொழி என்று கேளுங்கள். ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, இலவசம். ஆதார் கொடுக்காதீர்கள். மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் மாநில மனநல ஆணையப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள், 2017 மனநலச் சட்டப்படி அது இருக்க வேண்டும். தினமும் குடித்தவரைத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்தாயிற்று. ரசீதில் முகவரியே இல்லை, வெறும் ஜிமெயில். அதை அச்செடுத்துக்கொண்டு இப்போது பேங்குக்குக் கிளம்புகிறேன்.