மலை இறக்கத்துக்கு எது: டிரம் பிரேக்கா, மின்காந்த ரிடார்டரா?

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து டர்பன் துறைமுகத்துக்குச் சரக்கோடு வரும் லாரி, என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் வழியாக அந்த உயரம் முழுவதையும் இறங்கியாக வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் லாரி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

டிரம் பிரேக் மலிவு, எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். ஆனால் நீண்ட இறக்கத்தில், சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறி விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேல் உள்ள உரசு பட்டையான லைனிங்கின் பிடிப்பும் போய்விடும். கருகல் வாடை மூக்கில் ஏறும்போது பெடலை எவ்வளவு மிதித்தும் பலன் குறைவுதான்.

மின்காந்தத்தால் வண்டியின் வேகத்தைக் குறைக்கும் துணைக் கருவியான ரிடார்டரில் உரசலே கிடையாது. கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, தண்டோடு சுழலும் எஃகுத் தட்டுகளை ஒட்டி மின்சுருள்கள் இருக்கும். பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் தட்டுக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கும். லைனிங் தேயாது. வெப்பம் மட்டும் மாயமாகிவிடாது. தட்டுதான் அதைத் தாங்கி, காற்றில் விடுகிறது. தட்டு மிகவும் சூடானால் இதன் வலுவும் குறையும். எடையும் விலையும் கூடுதல்.

இதில் ஒரு விஷயம்: வேகம் குறையக் குறைய ரிடார்டரின் பிடி தளரும், நின்ற வண்டியில் அது பூஜ்யம். ஆகவே டிரம்மைக் கழற்ற முடியாது. நகருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு ரிடார்டர் வீண் செலவு என்பேன். கணவாய் வழி வாராவாரம் போகிறவர் தயங்காமல் மாட்டலாம். மழையில் மட்டும் அணைத்து வையுங்கள்: பின் சக்கரத்தை மட்டும் பிடிப்பதால், வழுக்கினால் டிரெய்லர் மடங்கிக்கொள்ளும்.