சுவிவல் எஞ்சின்: நாலு வருடப் பாவனையும் ஒரு துண்டுப் பனங்கட்டியும்

லப்டொப்பைத் திருத்தி வாங்கிய நாளிலிருந்து என் ரொக்கெட் ஒழுங்காகப் பறப்பதில்லை. ரொக்கெட் கட்டிப் பறக்கவிடும் கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டைத்தான் சொல்கிறேன்; அதில் நாலு வருடமாக நான் பூட்டுவது சுவிவல் என்ற எஞ்சினை. திருத்திய பெடியனிடம் சொன்னால் சிரிப்பான். கடைசியில் வருகிறேன் அந்தக் கதைக்கு.

போன கிழமை கோப்பாயிலிருந்து மச்சான் போன் எடுத்தான். கேர்பல் ஸ்பேஸ் புரோகிராமை இப்போதுதான் தொடங்கியிருக்கிறான். "ரிலயன்ட் எஞ்சின் நூறு காசு மலிவு, பாரம் குறைவு, தள்ளுறதும் கூட. பிறகேன் நீ சுவிவலையே கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்று கேட்டான்.

கணக்கில் அவன் சொன்னது சரி. ரிலயன்ட் 1.25 தொன், வெற்றிடத்தில் தள்ளும் விசை 240 கிலோநியூட்டன். சுவிவல் 1.5 தொன், 215தான். ஆனால் ரிலயன்டின் நெருப்புக் கக்கும் குழல் அசையாது. வால் சிறகு பூட்டிச் சமாளிக்கலாம், அதுவும் காற்று இருக்கும் உயரம் வரைக்கும்தான். மேலே போகப் போகச் சிறகு வெறும் அலங்காரம். சுவிவல் தன் குழலை 3 பாகை வரை சாய்த்து ரொக்கெட்டைத் திருப்பும். சந்திரனுக்கு ஆட்களைக் கொண்டுபோன நிசமான சட்டர்ன் 5 ரொக்கெட்டின் முதல் அடுக்கில் இருந்த ஐந்து எஃப்-1 எஞ்சின்களிலும் சுற்றிவர நின்ற நாலும் அசையும், நடுவில் நின்றது அசையாது. பெரிய ரொக்கெட் கட்டும்போது நானும் இரண்டையும் கலந்துதான் பூட்டுகிறேன்.

இந்த நாலு வருடத்தில் நான் அதிகம் பறக்கவிட்டது ஒரே ஒரு ரொக்கெட்டை. கீழே சுவிவலும் மூன்று எஃப்எல்-டி400 எரிபொருள் தாங்கியும், மேலே டெரியர் என்ற சின்ன எஞ்சினும் ஒரு தாங்கியும் ஓராள் கூண்டும். எல்லாம் சேர்த்து 12 தொன் வரும். தரைமட்டத்தில் சுவிவல் கொடுக்கும் 168 கிலோநியூட்டன் இதற்குக் காணும், பாரத்தைப் போல 1.4 மடங்கு. சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் டெரியரில் எரிபொருள் மிஞ்சும். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எங்கே என்றால் தலையாட்டத்தில். முதல் இரண்டு தாங்கி எரியும் வரை பிள்ளை நல்ல பிள்ளை. மூன்றாவது பாதிக்கு வந்ததும் ஆரம்பிக்கும். ரொக்கெட் பார்க்கும் திசையைக் காட்டும் நவ்போல் உருண்டையில் குறி இடது, வலது, இடது, வலது. கமராவைக் கீழே இறக்கிப் பார்த்தால் குழல் நடுங்கிக்கொண்டே நிற்கும். மேலே கூண்டு நல்லூர்ச் சப்பறம் தெருவில் திரும்பும்போது ஆடுமே, அந்த மாதிரி. காரணம் விளங்காத விஷயமில்லை. எரிபொருள் தீரத் தீர ரொக்கெட் இலேசாகிறது, ஆனால் குழல் திருப்புகிற பலம் குறைவதில்லை. ரொக்கெட்டைத் தானாக நேராகப் பிடிக்கும் எஸ்ஏஎஸ் கொஞ்சம் திருத்தப் போய்க் கூடத் திருத்திவிடும், பிறகு அதைத் திருத்த மற்றப் பக்கம். தாங்கிகளின் பொருத்துகளும் வளைந்து கொடுப்பதால் ஆட்டம் தானாகவே பெருகும். ஒருமுறை 28 கிலோமீற்றர் உயரத்தில் நடுவால் முறிந்தது.

மருந்தும் உண்டு. எஞ்சினில் வலது கிளிக் செய்து, குழல் எவ்வளவு சாயலாம் என்ற அளவை 100 இலிருந்து 30க்குக் குறைத்தால் ஆட்டம் அடங்கும். சரி, அதுதான் தெரியுமே, பிறகென்ன கோபம்? புதிதாக ஒரு சுவிவலை எடுத்துப் பூட்டும்போதெல்லாம் அது மறுபடி 100இல்தான் வந்து நிற்கும். நாலு வருடமாக நான் மறப்பேன், அது ஆடும், நான் ஏசுவேன். பத்துத் தரம் ஏசினால் எட்டுத் தரம் பிழை என்னுடையது என்று தெரிந்தும் ஏச்சு நிற்பதில்லை.

ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. செக்கனுக்கு 80 மீற்றர் வேகம் வந்ததும் ரொக்கெட்டைக் கிழக்கே திருப்பும் டி விசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்தால், என் சுவிவல் ரொக்கெட் மெல்ல மெல்லக் கிழக்கே சாய்ந்துகொண்டே போகும். பத்து கிலோமீற்றரில் 45 பாகை. இழுத்துப் பிடிக்கத் தேவையில்லை. இப்படித் தானாகத் திரும்புகிற எஞ்சின் வேறில்லை என்று எத்தனை பேரிடம் அளந்திருப்பேன்!

போன மாதம் டைப் அடிக்கும்போது டி இரண்டு மூன்றாக விழத் தொடங்கியது. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெடியன் மெல்லிய தட்டொன்றை விட்டு டி-யைக் கிளப்பினான். அடியில் மண்ணிறப் பிசின். விரலில் தொட்டு மணந்து பார்த்தான்.

"அண்ணை, இது பனங்கட்டியெல்லோ?"

பனங்கட்டிதான். வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியுமாக இரவிரவாக ரொக்கெட் விட்டால் வேறென்ன வரும். அழுத்திய டி மேலே வர நேரம் எடுத்திருக்கிறது. ரொக்கெட்டைச் சாய்த்தது எஞ்சினும் இல்லை, என் கெட்டித்தனமும் இல்லை. சுத்தமாக்கிய பிறகு சுவிவல் நேரே மேலே போகிறது, தட்டிய அளவுக்கு மட்டும் சாய்ந்துவிட்டு அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு பாகைக்கும் நான்தான் தட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தலையாட்டமும் வரும்.

அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இது என்ன எண்ணெயில ஓடுது?" என்றார். விளையாட்டில் திரவ எரிபொருள் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. நிசமான சட்டர்னின் முதல் அடுக்கு மண்ணெண்ணெயும் திரவ ஒட்சிசனும் என்றேன். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்புரேட்டரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர். "இதை நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் வருமே?" என்று அடுத்த கேள்வி. விளையாட்டில் எத்தனை தரமும் வரும், ஒரு சொட்டும் ஊற்றத் தேவையில்லை என்றேன். "அப்ப அது விளையாட்டுத்தான்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

மச்சானுக்கு நேற்று இரவு பதில் அனுப்பினேன்: ரிலயன்ட்டையே போடு, வால் சிறகு நாலு பூட்டு, சுவிவல் பக்கம் போகாதே. அனுப்பும்போது என் திரையில் சுவிவல் ஒன்று 31 கிலோமீற்றரில் ஆடிக்கொண்டிருந்தது. 30க்குக் குறைக்க மறந்துபோனேன்.