லூயிவில் நீராவிப் படகுப் பயணம்: பெங்களூரிலிருந்து செல்பவர்களுக்காக

அல்சூர், ஜீவன்பீமா நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோர் நயாகராவையும் நியூயார்க்கையும் தவறவிடுவதில்லை. பிள்ளைகள் சின்சினாட்டியிலோ இண்டியானாபொலிஸிலோ இருந்தால், காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரை அடைந்துவிடலாம். அங்கே ஒஹையோ ஆற்றில் ஓடும் 'பெல் ஆஃப் லூயிவில்' என்ற நீராவிப் படகில் பயணம் செய்து வந்த நான், அதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் அந்த ஊர் அந்த இடத்தில் ஏன் உண்டானது என்பதைத் தெரிந்துகொண்டு ஏறினால்தான் பயணச்சீட்டுக்குக் கொடுத்த பணம் முழுதாகச் செரிக்கும்.

பிட்ஸ்பர்கில் தொடங்கி மிசிசிப்பியில் கலக்கும் வரை ஒஹையோ ஆறு 981 மைல் ஓடுகிறது. அத்தனை தூரத்திலும் படகுகளை மறித்த இயற்கைத் தடை ஒன்றே ஒன்றுதான்: லூயிவில் அருகே சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள் ஆறு 26 அடி இறங்கும் பாறைப் படுகை. நீர் குறைந்த காலத்தில் வரும் படகுகள் அங்கே நின்றாக வேண்டும். சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, பாறைகளைத் தாண்டி, மறுபடியும் படகில் ஏற்ற வேண்டும். இறக்குவதற்குக் கூலியாட்கள், வைப்பதற்குக் கிடங்கு, தங்குவதற்குச் சத்திரம் என்று தேவைகள் கூடக் கூட ஊரும் வளர்ந்தது. 1778இல் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் தம் படையுடனும் சில குடும்பங்களுடனும் ஆற்றிடைத் தீவு ஒன்றில் குடியேறியதே தொடக்கம். விடுதலைப் போரில் உதவிய பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். 1811இல் அப்பகுதி ஆறுகளின் முதல் நீராவிப் படகான 'நியூ ஆர்லியன்ஸ்' கூட, நீர் உயரும் வரை வாரக்கணக்கில் இங்கே காத்திருந்துதான் பாறைகளைக் கடந்தது. 1830இல் கால்வாய் வெட்டிய பிறகு தடை நீங்கியது. அதற்குள் நகரம் வேரூன்றிவிட்டது. காவிரி சிவசமுத்திரத்தில் விழும் வேகத்தைக் கொண்டு 1905இல் விளக்கேற்றிக்கொண்ட பெங்களூர்க்காரர்களுக்கு, ஆறு இறங்கும் இடம் ஒரு நகரத்தின் விதியை எழுதும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனிப் படகு. 1914இல் பிட்ஸ்பர்கில் 'ஐடில்வைல்ட்' என்ற பெயரில் கட்டப்பட்ட இது, மெம்ஃபிஸ் பகுதியில் ஆட்களையும் பஞ்சையும் மரத்தையும் தானியத்தையும் ஏற்றி இறக்கியது. பின்னர் 'அவலான்' என்ற பெயரில் ஊர் ஊராக உல்லாசப் பயணம் ஓடியது. 1962இல் ஏலத்துக்கு வந்தபோது, மாவட்ட நிர்வாகத் தலைவராக இருந்த மார்லோ குக் 34,000 டாலருக்கு வாங்கினார். பழைய இரும்புக்கு இவ்வளவு விலையா என்று கேட்க எளிதாக இருந்திருக்கும். அன்று அவர் வாங்கியிராவிட்டால், உலகில் இன்றும் ஓடும் மிகப் பழைய ஆற்று நீராவிப் படகு என்று சொல்லப்படும் இதில் நாம் ஏறியிருக்க மாட்டோம்.

படகு புறப்படுவதற்கு முன்பே மேல்தளத்தில் காலியோப் என்ற நீராவி இசைக்கருவியை வாசிக்கிறார்கள். ஒலி மிகப் பலமானது, கைக்குழந்தையுடன் செல்பவர்கள் சற்று விலகி நிற்பது நல்லது. நான் அதிக நேரம் செலவிட்டது எந்திர அறையின் ஓரத்தில்தான். ஆளை விட நீளமான தண்டு ஒன்று நீராவியின் தள்ளுதலில் முன்னும் பின்னும் போய்வர, பின்னால் சிவப்பு மரப்பலகைகள் பதித்த பெரிய சக்கரம் சுழன்று நீரை வாரி இறைக்கிறது. சூடும் எண்ணெய் வாடையும் முகத்தில் அடிக்கின்றன. டீசல் எந்திரத்தின் அதிர்வு சிறிதும் இல்லை; ஒவ்வொரு தள்ளலும் தனித்தனியாகக் காலடியில் தெரிகிறது. பேரப்பிள்ளைகளுக்கு நீராவி எந்திரத்தை விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வலக்கரையையும் இடக்கரையையும் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கென்டக்கியில் அடிமை முறை சட்டபூர்வமாக இருந்த காலத்தில், எதிரே தெரியும் இண்டியானாவில் அது இல்லை. லூயிவில் சந்தைகளில் விற்கப்பட்ட கறுப்பின மக்கள் இதே துறையிலிருந்து நீராவிப் படகுகளில் தெற்கே பருத்தித் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தப்ப முடிந்தவர்கள் இரவில் இந்த ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்தார்கள். அக்கரை அவ்வளவு அருகில் இருப்பதைத் தளத்தில் நின்று கண்ணால் காணும்போது, ஏட்டில் படித்தபோது உறைக்காத கொடுமை உறைக்கிறது. 1942இல் இதே நகரில் பிறந்த முகமது அலியின் பெயரில் ஆற்றங்கரைக்கு அருகிலேயே அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. படகுடன் சேர்த்து அதற்கும் அரை நாள் ஒதுக்க வேண்டும்.

1937 ஜனவரி வெள்ளத்தில் நீர்மட்டம் 57 அடியைத் தொட்டு, நகரின் எழுபது சதவீதம் மூழ்கி, சுமார் 1,75,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 1930களில் இந்தப் படகு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற ரோஸ் ஐலண்ட் பூங்காவும் அந்த வெள்ளத்தில் அழிந்தது. வெள்ளத்துக்குப் பின் கட்டிய தடுப்புச் சுவர்தான் இன்று நகரைக் காக்கிறது.

நான் சென்ற பயணத்தில் படகு நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கிப் போய்த் திரும்பியது. எனவே ஊருக்குக் காரணமான பாறைகளைக் காண, பாலம் கடந்து இண்டியானா பக்கம் உள்ள ஃபால்ஸ் ஆஃப் தி ஒஹையோ பூங்காவுக்குத் தனியே செல்ல வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நீர் குறைந்திருக்கும். சுமார் 39 கோடி ஆண்டுப் பழமையான பவளப் புதைபடிவங்களைப் பாறைமேல் நடந்தே பார்க்கலாம். படகின் மேல்தளங்களுக்குப் படியேற வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் இடம் பிடித்துக்கொள்ளலாம். அதே துறையிலிருந்து 'மேரி எம். மில்லர்' என்ற டீசல் படகும் புறப்படுகிறது. ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போது படகின் பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள்.